வீட்டுக்குள் ஹைட்ராஞ்சியா: தண்ணீர், குளிர், கொஞ்சம் படிகாரம்

கடையில் பார்த்தபோது குழந்தையின் தலை அளவு பூங்கொத்துகள் நிமிர்ந்து நின்றிருக்கும். வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் மதியம் இலைகள் ஈரத்துணிபோலத் தொங்கும், பூக்கள் கழுத்தொடிந்து தொட்டி விளிம்பில் சாய்ந்து கிடக்கும். ஹைட்ராஞ்சியா வாங்கியவர்களில் இந்தக் காட்சியைப் பார்க்காதவர் குறைவு. சிலர் செடி செத்துவிட்டது என்று அன்றைக்கே முடிவுகட்டிவிடுகிறார்கள். சிலர் பதறிப்போய் ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றுகிறார்கள். அந்தத் தண்ணீர் காய்ந்து சுருங்கிய மண்ணுக்கும் தொட்டிச் சுவருக்கும் இடையிலுள்ள இடுக்கில் இறங்கி, நேராக அடித்தட்டுக்கு வந்துவிடுகிறது. தட்டு நிறைந்ததைப் பார்த்துச் செடி குடித்துவிட்டது என்று நம்புகிறோம். வேர்க்கட்டியின் நடுப்பகுதி அப்போதும் பொடிபோலக் காய்ந்தே இருக்கிறது.

அந்த நேரத்தில் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்றுதான். ஒரு வாளியில் தொட்டியின் விளிம்பு மூழ்கும் அளவுக்குத் தண்ணீர் எடுத்து, தொட்டியை அப்படியே இறக்கிவிடுங்கள். குமிழ்கள் மேலே வரும். மிதக்கப் பார்த்தால் கையால் அழுத்திப் பிடிக்க வேண்டும். மிதக்கிறது என்பதே உள்ளே எவ்வளவு காய்ந்திருக்கிறது என்பதற்கு அடையாளம். 20 முதல் 30 நிமிடம், குமிழ் நிற்கும்வரை விட்டு, பிறகு வெளியே எடுத்து நன்றாக வடியவைத்து, வெயில் படாத இடத்தில் வைத்தால் மூன்று நான்கு மணி நேரத்தில் இலைகள் விறைக்கத் தொடங்கும். பூக்கொத்து நிமிர இரவு முழுக்க ஆகலாம். விளிம்பு கருகிப் பழுப்பேறிய இதழ்கள் மட்டும் திரும்பி வராது, அவற்றைக் கிள்ளிவிடலாம்.

ஏன் இந்தச் செடிக்கு மட்டும் இப்படி? உள்ளங்கையைவிட அகலமான இலைகள், கொத்துக்கு நூற்றுக்கணக்கான இதழ்கள். இவை எல்லாவற்றிலிருந்தும் ஆவியாகிப் போகும் நீரை, 15 செ.மீ. தொட்டிக்குள் அடைபட்டிருக்கும் வேர்கள்தான் ஈடுகட்ட வேண்டும். தாய்நாடான ஜப்பானில் இது பூப்பதே ஜூன் மாதத்து மழைக்காலத்தில்தான். ‘ட்சுயு’ என்று அவர்கள் சொல்லும் அந்த அடைமழை நாட்களில் காமகுராவின் மெய்கெட்சுயின் கோயில் வளாகமே நீலமாகிவிடும். ஈரக்காற்று, மேகமூட்டம், நனைந்த மண்: பூக்கும் நாட்களில் அதற்குப் பழக்கப்பட்டது இதுதான். நம் வீட்டுக் கூடத்தில் மின்விசிறிக்குக் கீழே அதை வைக்கும்போது எதையெல்லாம் அதனிடமிருந்து எடுத்துவிட்டோம் என்பது இப்போது புரியும்.

எனவே நாள்கணக்கு வைத்துத் தண்ணீர் ஊற்றுவது இதற்குச் சரிவராது. தொட்டியைத் தூக்கிப் பார்த்து ஊற்றுவதே சரி. நன்றாக நனைத்து வடியவைத்த தொட்டியை ஒருமுறை கையில் தூக்கி அந்தக் கனத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். தினமும் காலையில் தூக்கிப் பாருங்கள். கனம் பாதியாகக் குறைந்ததாகத் தோன்றினால், மண் மேலே ஈரமாகத் தெரிந்தாலும், ஊற்ற வேண்டிய நேரம் வந்துவிட்டது. பூத்திருக்கும்போது குளிர்ந்த அறையில் இரண்டு நாளுக்கு ஒருமுறை போதும். 28 டிகிரிக்கு மேல் போகும் அறையில் காலை ஒன்று, மாலை ஒன்று தேவைப்படலாம். அடித்துளை வழியாக நீர் வெளியேறும்வரை ஊற்றி, கால் மணி நேரம் கழித்துத் தட்டில் நிற்பதைக் கொட்டிவிட வேண்டும்.

தொங்கும் இலை எப்போதும் தாகத்தைக் குறிப்பதில்லை. மண் சொதசொதவென்று ஈரமாக இருந்தும் இலை தொங்கினால் வேர் அழுகத் தொடங்கியிருக்கிறது. அப்போது மேலும் தண்ணீர் ஊற்றுவது கொன்றுவிடும். தொட்டியைக் கவிழ்த்து வேரைப் பாருங்கள். நல்ல வேர் வெள்ளையாக அல்லது இளமஞ்சளாக, இழுத்தால் அறாமல் இருக்கும். அழுகியது பழுப்பாக, விரலில் தோல் கழன்று வரும், வாடை அடிக்கும். அழுகியதை வெட்டிவிட்டு, புதுக் கலவையில், வேருக்குச் சரியாகப் பொருந்தும் சிறிய தொட்டியில் வைத்து, பூக்களையும் நறுக்கிவிட்டால் பிழைக்க வாய்ப்புண்டு. மண் அளவான ஈரத்தில் இருந்தும் உச்சி வெயிலில் மட்டும் இலை சோர்ந்து மாலையில் தானே நிமிர்கிறதென்றால் கவலை வேண்டாம். வெப்பத்துக்கு வேரால் ஈடுகொடுக்க முடியவில்லை, அவ்வளவுதான். நிழலுக்கு நகர்த்துங்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள்.

அன்பளிப்பாக வரும் தொட்டிகளைச் சுற்றி ஒரு பளபளக்கும் தாள் சுற்றியிருக்கும். வேர் அழுகலுக்குப் பல சமயம் அதுவே காரணம். அடியில் துளையில்லாததால் ஊற்றியதெல்லாம் உள்ளேயே தேங்கும். வீட்டுக்கு வந்ததும் கழற்றுங்கள், அல்லது அடியில் ஆணியால் நாலைந்து துளை போட்டுத் தட்டில் வையுங்கள்.

பெயரைப் பற்றி ஒரு சிறு குறிப்பு. கிரேக்க மொழியில் ‘ஹைடோர்’ என்றால் நீர், ‘ஆங்கெயோன்’ என்றால் கலம். நீர் வேட்கை மிகுந்த செடி என்பதால் வைத்த பெயர் என்று பலரும் நினைக்கிறார்கள். அதன் விதைக்கூடு குட்டிக் குடம்போல் இருப்பதால் வந்த பெயர் அது. பொருத்தம் தற்செயல்தான் என்றாலும், தொட்டியில் வளர்ப்பவர்களுக்கு நினைவில் வைக்க வசதியான பெயர்.

வாங்கும்போதும் வைக்கும்போதும்

நாம் பூ என்று பார்ப்பது உண்மையில் அல்லிதழ் அல்ல, புல்லிதழ். நிஜமான பூ நடுவில் குண்டூசித்தலை அளவில் இருக்கும். இதனால்தான் ஒரு கொத்து வாரக்கணக்கில் உதிராமல் நிற்கிறது. வாங்கும்போது பாதிக்கு மேல் நிறம் ஏறிய கொத்துகளாகத் தேர்ந்தெடுங்கள். முழுக்கப் பச்சையாக இருக்கும் கொத்து வீட்டு வெளிச்சத்தில் சரியாக நிறம் பிடிக்காமலே நின்றுவிடலாம். எல்லாம் மலர்ந்து நடுவிலுள்ள குட்டிப் பூக்களும் திறந்து மகரந்தம் தெரிந்தால், அதன் ஆயுளில் ஒரு பகுதி கடையிலேயே கழிந்துவிட்டது. பூச்சி இருக்கிறதா என்று இலையின் அடிப்புறத்தைத் திருப்பிப் பாருங்கள். தண்டு மெல்லியதாக நீண்டு குச்சியில் கட்டி நிறுத்தியிருந்தால் விட்டுவிடுங்கள்.

கிழக்குச் சன்னல் நல்ல இடம். காலை வெயில் மெல்லியதாகப் பட்டால் போதும். மதிய வெயில் கண்ணாடி வழியாக வந்தால் இதழ் வெளிறிக் கருகும். வெப்பநிலைதான் பூவின் ஆயுளை முடிவுசெய்கிறது: 15 முதல் 20 டிகிரி செல்சியஸில் நான்கு முதல் ஆறு வாரம் நிற்கும் கொத்து, 30 டிகிரி அறையில் அதில் பாதி நாள் நின்றாலே அதிகம். ஏசி அறை நல்லதுதான், ஆனால் அதன் காற்று நேராக முகத்தில் அடிக்கக்கூடாது; ஓரங்கள் தாள்போலக் காய்ந்துவிடும். பழக்கூடைக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். பழுக்கும் ஆப்பிளும் வாழையும் விடும் எத்திலீன் வாயுவுக்கு ஹைட்ராஞ்சியா இலையை உதிர்க்கும். பூ நீடிக்கட்டும் என்று இதழ்களின் மேல் தண்ணீர் தெளிப்பதும் வேண்டாம். அறையின் ஈரப்பதம் அதனால் சில நிமிடத்துக்கு மேல் கூடாது. இதழில் நின்ற துளி மட்டும் சாம்பல் பூஞ்சணப் புள்ளியாக மாறும். பூக்கும் காலத்தில் உரமும் தேவையில்லை.

நீலமும் இளஞ்சிவப்பும்

ஊட்டியிலும் கொடைக்கானலிலும் வேலியோரம் நீல ஹைட்ராஞ்சியாவைப் பார்த்து, அதே செடியில் ஒரு குச்சியைச் சமவெளிக்குக் கொண்டுவந்து நட்டவர்கள், அது பூத்தால் இளஞ்சிவப்பாகப் பூப்பதைப் பார்த்து ஏமாந்துபோவதுண்டு. செடி மாறவில்லை. மண் மாறியிருக்கிறது, தண்ணீர் மாறியிருக்கிறது.

நீலத்துக்கும் சிவப்புக்கும் நிறமி ஒன்றுதான். டெல்ஃபினிடின் என்ற ஆந்தோசயனின் வகையைச் சேர்ந்தது அது. இதழின் செல்களுக்குள் அலுமினியம் போய்ச் சேர்ந்து அந்த நிறமியோடு பிணைந்தால் நீலம். அலுமினியம் கிடைக்காவிட்டால் இளஞ்சிவப்பு. அலுமினியம் எல்லா மண்ணிலும் உண்டு. ஆனால் மண் அமிலமாக, பிஹெச் 5.5க்குக் கீழே இருந்தால்தான் அது கரைந்து வேருக்குக் கிடைக்கும். 6க்கு மேல் போனால் கரையாத ஹைட்ராக்சைடாக மண்ணிலேயே படிந்துவிடும். பள்ளியில் பார்த்த லிட்மஸ் தாளுக்கு நேர்மாறு இது: அமிலத்தில் நீலம், காரத்தில் சிவப்பு. நீலகிரியின் மண் தேயிலைக்கு ஏற்ற மண். தேயிலை கேட்பது பிஹெச் 4.5 முதல் 5.5. அதனால்தான் அங்கே யாரும் எதுவும் செய்யாமலே நீலம். இலங்கையின் நுவரெலியாவிலும் அதே கதைதான். சமவெளியில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் இருக்கும் பைகார்பனேட் வாரம் வாரம் தொட்டியின் பிஹெச்சை ஏற்றிக்கொண்டே போகும். நல்ல அமிலக் கலவையில் வைத்திருந்தாலும் சில மாதத்தில் 7ஐத் தொட்டுவிடும்.

வெள்ளை வகைகளில் இந்த நிறமி இல்லை, எதைப் போட்டாலும் நீலமாகாது. அடர்சிவப்பு வகைகள் நீலத்துக்குப் போகாமல் ஊதாவில் நின்றுவிடும். இளஞ்சிவப்பு வகைகளே சுத்தமான நீலத்துக்கு வரும்.

நிறம் மாற்ற விரும்புகிறவர்கள் முதலில் மனத்தில் வைக்க வேண்டியது காலம். மலர்ந்து நிறமேறிய கொத்தை எந்த மருந்தாலும் மாற்ற முடியாது. அடுத்த பூவுக்கான வேலையை இந்தப் பூ முடிந்து புதுத் தளிர் வரும்போதே தொடங்க வேண்டும். அலுமினியம் சல்பேட் 4 கிராமை ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்து, 15 செ.மீ. தொட்டிக்கு 250 மி.லி. வீதம் 15 நாளுக்கு ஒருமுறை ஊற்றலாம். இரண்டு மூன்று மாதம் விடாமல் செய்து, அரும்பு தெரியத் தொடங்கும்போது மீண்டும் இரண்டு முறை. ஒவ்வொரு முறையும் முந்தின நாளே சாதாரணத் தண்ணீரில் மண்ணை நனைத்திருக்க வேண்டும். காய்ந்த மண்ணில் ஊற்றினால் உப்பு நேராக வேரைச் சுடும். இலை விளிம்பு கருகுவது அதன் முதல் அறிகுறி. கரைசல் இலையில் பட்டால் கழுவிவிடுங்கள்.

அலுமினியம் சல்பேட் கிடைக்காத ஊரில் நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் படிகாரம் போதும். அது பொட்டாசியம் அலுமினியம் சல்பேட். அலுமினியத்தின் அளவு சற்றுக் குறைவு என்பதால் லிட்டருக்கு 5 முதல் 6 கிராம் எடுத்து, நன்றாகப் பொடித்து, வெதுவெதுப்பான நீரில் கரைத்து ஆறவைத்து ஊற்றலாம். படிகாரக் கட்டியை அப்படியே தொட்டிமண்ணில் புதைப்பதைச் சிலர் செய்கிறார்கள். அது கரையும் இடத்தில் மட்டும் உப்பு குவிந்து அந்தப் பக்கத்து வேர் செத்துப்போகும், வேண்டாம். துருப்பிடித்த ஆணியைப் புதைத்தால் நீலமாகும் என்பதும் பரவலாக உள்ள நம்பிக்கை. இரும்புக்கும் இந்த நீலத்துக்கும் தொடர்பில்லை.

உரமும் நிறத்தைக் கெடுக்கும். மணிச்சத்து (பாஸ்பரஸ்) அலுமினியத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். ஆகவே நீலம் வேண்டுமென்றால் டிஏபி, சூப்பர் பாஸ்பேட், எலும்புத்தூள் எதுவும் தொட்டிக்குள் போகக்கூடாது. 13-0-45 என்று விற்கும் பொட்டாசியம் நைட்ரேட் லிட்டருக்கு 1 கிராம் பொருத்தமாக இருக்கும். இளஞ்சிவப்பு வேண்டுமென்றால் நேர்மாறாக, 19-19-19 உரத்தை அதே அளவில் கொடுத்து, கலவையில் தொட்டிக்கு ஒரு தேக்கரண்டி டோலமைட் சுண்ணாம்பு சேர்த்து பிஹெச்சை 6 முதல் 6.5க்குள் நிறுத்த வேண்டும்.

அதற்கு மேல் போனால் இன்னொரு தொல்லை. இளம் இலைகள் மஞ்சளாகி, நரம்புகள் மட்டும் பச்சையாக வலைபோலத் தெரியும். இரும்புச்சத்துப் பற்றாக்குறை. சமவெளியில் ஹைட்ராஞ்சியா வைத்திருப்பவர்கள் அதிகம் கேட்கும் கேள்வி இதுதான், பதிலும் பெரும்பாலும் தண்ணீரில்தான் இருக்கிறது. அன்னபேதி உப்பு (இரும்பு சல்பேட்) 2 கிராமை ஒரு லிட்டரில் கரைத்து மண்ணில் ஊற்றினால் இரண்டு வாரத்தில் புதுத் தளிர் பச்சையாக வரும். பழைய மஞ்சள் இலைகள் முழுதாகத் தேறாது. ஆனால் போர் தண்ணீரை நிறுத்தாமல் அன்னபேதியை மட்டும் ஊற்றிக்கொண்டிருந்தால் அடுத்த மாதமே மீண்டும் மஞ்சளாகும். மழைநீர் மிகச் சிறந்தது. ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீர் உப்பற்றது, பிளாஸ்டிக் வாளியில் பிடித்து ஆறவிட்டு ஊற்றலாம். இரண்டும் இல்லையென்றால் குழாய்த் தண்ணீரில் எலுமிச்சைச்சாறு சொட்டுச் சொட்டாக விட்டு, பிஹெச் தாளில் 6 காட்டும்வரை சரிசெய்து ஊற்றுங்கள். ஆர்ஓ கருவி வெளித்தள்ளும் கழிவுநீரை மட்டும் ஊற்றவே கூடாது. உப்பெல்லாம் அதில்தான் திரண்டிருக்கிறது.

பூ முடிந்த பிறகு

இங்கேதான் பெரும்பாலான வீட்டுச் செடிகளின் கதை முடிகிறது. செடி பச்சைப்பசேலென்று வளர்கிறது, இலை அள்ளுகிறது, அடுத்த ஆண்டு ஒரு மொட்டுகூட இல்லை. காரணம் புரிய, கடைக்கு வருவதற்கு முன் அந்தச் செடி எப்படி வளர்க்கப்பட்டது என்று தெரிய வேண்டும்.

பெரிய நர்சரிகளில் இந்த வகையை, அதாவது ஹைட்ராஞ்சியா மேக்ரோஃபில்லாவை, கோடையில் கவாத்து செய்து, அதாவது கிளைகளை வெட்டிவிட்டு, கிளைக்க விடுகிறார்கள். இலையுதிர் காலத்தில் வெப்பநிலை 18 டிகிரிக்குக் கீழே இறங்கி, பகலும் குறுகும்போது, ஆறு முதல் எட்டு வாரத்தில் கிளை நுனிக்குள் கண்ணுக்குத் தெரியாமல் பூமொட்டு உருவாகிறது. அதன் பிறகு செடிகளை 4 முதல் 7 டிகிரி உள்ள இருட்டுக் குளிர் அறையில் ஆறு வாரத்துக்குக் குறையாமல் வைக்கிறார்கள். இலையெல்லாம் உதிர்ந்து வெறுங்குச்சியாக நிற்கும். இலையை விரைவாக உதிர்க்க அறைக்குள் ஆப்பிள்களை வைக்கும் வழக்கமும் உண்டு. மேலே சொன்ன எத்திலீன்தான் அங்கே வேலை செய்கிறது. பிறகு கண்ணாடிக் குடிலில் 16 டிகிரியை ஒட்டிய வெப்பத்துக்குக் கொண்டுவந்தால் ஏறத்தாழ 12 வாரத்தில் பூ. ஈஸ்டருக்கும் அன்னையர் தினத்துக்கும் மேலைநாட்டுக் கடைகளில் நிறையும் தொட்டிகள் இப்படி நாள் குறித்துப் பூக்கவைக்கப்பட்டவை.

ஆக, இரண்டு குளிர்கள் தேவை. முதல் குளிர் மொட்டை உருவாக்க, இரண்டாவது குளிர் அந்த மொட்டின் உறக்கத்தைக் கலைக்க. இதை அறிந்தால் பல குழப்பம் தீரும். ‘குளிர்சாதனப் பெட்டியில் ஒரு மாதம் வைத்தால் பூக்குமா?’ என்று கேட்கிறார்கள். முதல் குளிரே கிடைக்காத செடிக்குள் மொட்டே இல்லை. இல்லாத மொட்டை எந்தப் பெட்டியும் எழுப்பாது. சென்னையில் ஜனவரி இரவுகள்கூட 20 டிகிரியை ஒட்டியே நிற்கும். அங்கே ஹைட்ராஞ்சியாவை அடுத்த ஆண்டுக்கு வைத்துக் காத்திருப்பதில் பலனில்லை என்பதே என் தீர்ப்பு. ஒரு பூங்கொத்தைப்போல, ஆனால் அதைவிட நான்கு மடங்கு நீடிப்பதாக நினைத்து வாங்கி, பூ முடிந்ததும் மலையில் தோட்டம் உள்ள யாருக்காவது கொடுத்துவிடுவது செடிக்கும் நல்லது. இரண்டு மாதம் இரவும் பகலும் ஏசியை 16இல் ஓட்டி முதல் குளிரைக் கொடுக்கலாம்தான். மின்கட்டணம் செடியின் விலையைத் தாண்டிவிடும்.

பெங்களூர், ஏற்காடு போன்ற ஊர்களில் நம்பிக்கை உண்டு. டிசம்பர், ஜனவரி இரவுகளில் செடியை மொட்டைமாடியிலோ பால்கனியிலோ திறந்தவெளியில் வைத்தால் போதும். கூடத்துக்குள் வைத்திருந்தால் சுவர்கள் பிடித்துவைக்கும் வெப்பத்தில் அந்த வாய்ப்பு போய்விடும். 2,240 மீட்டர் உயரத்து ஊட்டியில் வெளியே வைத்தாலே எல்லாம் தானாக நடக்கும்.

எங்கே வைத்தாலும் கவாத்தின் நேரம் மாறக்கூடாது. பூ வாடியதும், அதிகம் போனால் ஜூலை முடிவதற்குள், பூத்த கிளைகளை அடியிலிருந்து இரண்டு கணு இணைகள் விட்டு வெட்டுங்கள். ஒவ்வொரு இணையிலிருந்தும் இரண்டு தளிர் வரும், மெலிந்தவற்றை நீக்கி நாலைந்தை மட்டும் வளரவிடுங்கள். பூக்காத கிளை ஏதாவது இருந்தால் அதைத் தொடாதீர்கள், அடுத்த பூ அதில்தான் முதலில் வரும். குளிர்காலத்தில் வெறுங்குச்சியாக அசிங்கமாக நிற்கிறது என்று நுனியை வெட்டினால், வெட்டி எறிவது அடுத்த ஆண்டுப் பூவை. பூக்காமல் போகும் செடிகளுக்குக் குளிர் போதாமைக்கு அடுத்த காரணம் இந்தக் கத்தரிதான்.

கவாத்தோடு தொட்டியையும் மாற்றுங்கள். 15 செ.மீ. தொட்டியிலிருந்து 20 செ.மீ.க்குப் போகலாம், ஒரே தாவலில் 30க்குப் போனால் வேர் எட்டாத மண் ஈரமாகவே கிடந்து அழுகல் வரும். கலவைக்கு இரண்டு பங்கு தேங்காய் நார்த்தூள், ஒரு பங்கு இலைமட்கு, ஒரு பங்கு பெர்லைட் (மண்ணை இளக்கும் வெள்ளைக் குறுணை). நார்த்தூள் கட்டியை ஊறவைத்துப் பிழிந்து, அந்தத் தண்ணீரைக் கொட்டி, மூன்று முறையாவது அலச வேண்டும். அலசாத நார்த்தூளில் இருக்கும் உப்புக்கு ஹைட்ராஞ்சியாவின் இலை ஓரம் உடனே கருகும். களிமண் வேண்டாம், சுண்ணாம்பு அடித்த சிமெண்டுத் தொட்டியும் வேண்டாம். தளிர் 5 செ.மீ. வந்த பிறகு முன் சொன்ன உரத்தை 15 நாளுக்கு ஒருமுறை தொடங்கி, செப்டம்பரோடு நிறுத்திவிடுங்கள். தழைச்சத்து (நைட்ரஜன்) தொடர்ந்தால் செடி இலைதான் போடும், அரும்பு கட்டாது.

டொரோண்டோவிலோ அதுபோன்ற கடுங்குளிர் ஊரிலோ இருப்பவர்களுக்குப் பிரச்சினை தலைகீழ். அன்னையர் தினத்துக்கு வந்த தொட்டியைப் பூ முடிந்ததும் தோட்டத்தில் நட்டுவிடுகிறார்கள். வேர் பிழைக்கும், மேலே நிற்கும் குச்சிகளிலுள்ள மொட்டுகள் உறைபனியில் செத்துப்போகும், அடுத்த கோடையில் அடியிலிருந்து வெறும் இலை. தொட்டியிலேயே வைத்து, கோடையில் அரைநிழலில் வெளியே வளர்த்து, செப்டம்பர் அக்டோபர் குளிர்ச்சியை முழுதாக வாங்கவிட்டு, உறைபனிக்கு முந்தின நாள் உள்ளே எடுங்கள். சூடேற்றாத கராஜில் 4 முதல் 7 டிகிரி இருக்கும் மூலை பொருத்தம். இலை உதிர உதிரப் பொறுக்கிவிட வேண்டும், ஈரத்தில் கிடக்கும் இலையிலிருந்து பூஞ்சணம் மொட்டுக்கு ஏறும். இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு குவளைத் தண்ணீர் போதும். பிப்ரவரித் தொடக்கத்தில் வெளிச்சமான, 12 முதல் 15 டிகிரி உள்ள இடத்துக்கு மாற்றி, தளிர் விரிந்ததும் 16 முதல் 18க்குக் கொண்டுபோனால் மே மாதத்தில் நிறம் தெரியும். நேராகச் சூடான கூடத்துக்குக் கொண்டுவந்தால் தண்டு நீண்டு, கொத்து சிறுத்துவிடும்.

இந்தக் குளிர்க்கணக்கு பிடிக்காதவர்களுக்கு, அதே ஆண்டுத் தளிரிலும் பூக்கும் வகைகள் இருக்கின்றன. 2004இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த ‘எண்ட்லெஸ் சம்மர்’ அவற்றில் பெயர்பெற்றது. பூ சற்றுச் சிறியது. தவறான நேரத்தில் கத்தரித்தாலும் மன்னிக்கும்.

பூச்சி, நோய், நஞ்சு

வீட்டுக்குள் முதல் எதிரி செம்பேன். காற்று காய்ந்து சூடாக இருக்கும்போது வரும். இலை மேற்புறம் ஊசியால் குத்தியதுபோல் வெளிறிய புள்ளிகள், அடிப்புறம் மெல்லிய வலை. குளியலறைக்குக் கொண்டுபோய் இலையின் அடிப்புறத்தைக் குழாய்நீரில் பீய்ச்சிக் கழுவுவதுதான் முதல் வைத்தியம். மூன்று நாளுக்கு ஒருமுறை, மூன்று முறை. அதன் பிறகும் இருந்தால் ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மி.லி. வேப்பெண்ணெய், சில சொட்டு சோப்புக் கரைசல் கலந்து மாலையில் அடிக்கலாம், பூவின் மேல் படாமல். அசுவினிக்கும் மாவுப்பூச்சிக்கும் இதுவே போதும்.

இலையில் வெள்ளை மாவு தூவியதுபோல் இருந்தால் சாம்பல் நோய். செடிகளை நெருக்கி வைத்திருப்பீர்கள், பிரித்து வையுங்கள். நனையும் கந்தகம் லிட்டருக்கு 2 கிராம் அடிக்கலாம், ஆனால் 30 டிகிரிக்கு மேல் வெயில் உள்ள நாளில் அடித்தால் இலை வெந்துவிடும்.

ஹைட்ராஞ்சியாவின் இலையிலும் மொட்டிலும் சயனைடை வெளிவிடக்கூடிய சேர்மங்கள் இருக்கின்றன. நாயோ பூனையோ கடித்துத் தின்றால் வாந்தி, வயிற்றுப்போக்கு வரும். தவழும் குழந்தை உள்ள வீட்டில் தரையில் வைக்க வேண்டாம், உயரமான முக்காலி நல்லது. பூவிதழைத் தட்டில் உணவோடு அலங்காரமாக வைப்பதையும் தவிர்க்க வேண்டும்.

குச்சியிலிருந்து புதுச்செடி, கொத்திலிருந்து சாடி

கவாத்தில் வெட்டியதை எறியாதீர்கள். பூக்காத, பச்சைத்தன்மை மாறாத தண்டில் 10 முதல் 12 செ.மீ. நீளம், இரண்டு மூன்று கணுவோடு எடுத்து, கீழ்க்கணுவுக்குச் சற்றுக் கீழே வெட்டுங்கள். கீழ் இலைகளை நீக்கி, மேலே ஒரு சோடி மட்டும் விட்டு, அவற்றையும் பாதியாகக் குறுக்கே நறுக்கிவிடுங்கள். இலை பெரிதாக இருந்தால் வேர் வருவதற்குள் குச்சி காய்ந்துவிடும். அலசிய ஆற்றுமணலும் நார்த்தூளும் சம பங்காகக் கலந்து, ஒரு கணு மண்ணுக்குள் போகும்படி நட்டு, மேலே பாலித்தீன் பையைக் கவிழ்த்து நிழலில் வையுங்கள். பை இலையைத் தொடாமல் இருக்க இரண்டு குச்சிகளை முட்டுக்கொடுக்கலாம். மூன்று நான்கு வாரத்தில் வேர் பிடிக்கும். மெதுவாக இழுத்துப் பார்த்தால் பிடிமானம் தெரியும். பையை ஒரே நாளில் எடுக்காமல், ஒரு வாரம் தினமும் சில மணி நேரம் திறந்துவைத்துப் பழக்குங்கள்.

செடியில் நிற்கும் கொத்தை வெட்டிச் சாடியில் வைக்க நினைத்தால், முழுதாக நிறமேறிய கொத்தைக் காலையிலேயே வெட்டுங்கள். வெட்டிய தண்டிலிருந்து கசியும் சாறு குழாயை அடைத்துவிடுவதால்தான் ஹைட்ராஞ்சியா சாடியில் சில மணி நேரத்திலேயே தலை தொங்குகிறது. தண்டைச் சாய்வாக வெட்டியதும் நுனியைப் படிகாரப் பொடியில் அரை அங்குலம் தோய்த்து நீரில் வைப்பது பூ அலங்காரம் செய்பவர்களின் வழக்கம். அப்படியும் தொங்கினால் கொத்தை முழுதாகக் குளிர்ந்த நீரில் முக்கால் மணி நேரம் கவிழ்த்து மூழ்கவையுங்கள். இதன் இதழ்கள் நேராகவே நீரை உறிஞ்சும். நிமிர்ந்ததும் உதறி, தண்டின் நுனியைப் புதிதாக ஒரு விரற்கடை வெட்டிவிட்டுச் சாடிக்கு மாற்றலாம்.